வெள்ளம் வடிந்தது, அவசர நிலை நீடித்தது
கனடா நாட்டுப் பண்ணைகள் பட்ட பாடும் கற்ற பாடமும்

மழை விட்டுவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று வெளியூரில் இருப்பவர்கள் நினைப்பார்கள். நிலத்தில் நிற்பவனுக்குத்தான் நிலைமை தெரியும். வயலில் தேங்கிய தண்ணீர் வடிய வேண்டும். உடைந்த கரையை அடைக்க வேண்டும். மாட்டுக்குத் தீவனம் உள்ளே வர வேண்டும். கறந்த பால் வெளியே போக வேண்டும். இத்தனைக்கும் பாதை திறந்திருக்க வேண்டும். மழை இரண்டு நாளில் ஓய்ந்துவிடும். இந்த வேலைகள் இரண்டு மாதத்திலும் முடியா.

2021 நவம்பரில் கனடா நாட்டின் மேற்குக் கோடியில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இதுவே நடந்தது. கடும் மழையால் பண்ணைகள் நீரில் மூழ்கின. மாகாண அரசு 14 நாட்களுக்கு அவசர நிலை அறிவித்தது. 14 நாள் முடிந்தது, வேலை முடியவில்லை. அவசர நிலையை மேலும் 14 நாள் நீட்டித்தார்கள். பிறகும் நீட்டித்தார்கள். புத்தாண்டு பிறந்து ஜனவரி வந்த பிறகும் அது நடப்பில் இருந்தது.

இந்த நீட்டிப்பு எதற்காக? அதனால் பண்ணையாளருக்குக் கிடைத்தது என்ன? கிடைக்காதது என்ன? வெள்ளம் பார்த்த எந்த ஊர் விவசாயியும் அறிந்து வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

ஏரி இருந்த நிலம்

வான்கூவர் என்ற துறைமுக நகருக்குக் கிழக்கே சுமார் 70 கிலோமீட்டரில் அபாட்ஸ்ஃபோர்டு என்ற ஊர் உள்ளது. அதை அடுத்துச் சில்லிவாக். இரண்டும் ஃபிரேசர் என்ற பெரிய ஆற்றின் பள்ளத்தாக்கில் அமைந்தவை. மாகாணத்தின் பால் பண்ணைகளில் ஏறத்தாழப் பாதி இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. கோழிப் பண்ணைகளும் பன்றிப் பண்ணைகளும் இங்கே நிறைய. புளூபெர்ரி என்ற சிறு கனி தரும் புதர்ச் செடித் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. அந்தத் தோட்டங்களை நடத்துபவர்களில் பஞ்சாபிலிருந்து சென்று குடியேறிய சீக்கியக் குடும்பத்தினர் பெரும் எண்ணிக்கையில் உள்ளனர்.

அபாட்ஸ்ஃபோர்டை ஒட்டிய சூமாஸ் சமவெளி இவற்றில் மிகத் தாழ்வான பகுதி. நூறு ஆண்டுகளுக்கு முன் அது நிலமாகவே இல்லை. அங்கே சூமாஸ் ஏரி இருந்தது. அந்த ஏரியை நம்பி, மீன் பிடித்தும் பறவை வேட்டையாடியும் செமாத் என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்து வந்தனர். 1920களில் கரை எழுப்பி, கால்வாய் வெட்டி, இயந்திரம் வைத்து நீரை இறைத்து 1924ல் ஏரியை வற்றச் செய்தார்கள். அடியில் கிடைத்த வண்டல் மண் பொன் விளையும் பூமியாக அமைந்தது. ஆனால் நிலத்தின் மட்டம் மட்டும் மாறவில்லை. அன்று முதல் இன்று வரை, இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அது நிலம். இறைப்பு நின்றால் மீண்டும் ஏரி.

இறைக்கும் வேலையைச் செய்வது பாரோடவுன் பம்ப் நிலையம். நான்கு ராட்சத பம்புகள் அங்கே உள்ளன. ஃபிரேசர் ஆற்றின் மட்டம் தாழ்ந்திருக்கும்போது மதகுகளைத் திறந்தால் சமவெளி நீர் தானாகவே வடியும். ஆற்றில் மட்டம் உயர்ந்தால் மதகை மூடிவிட்டுப் பம்பை மட்டுமே நம்ப வேண்டும்.

இரண்டு நாள் மழை

2021 அந்த மாகாணத்துக்குப் பொல்லாத ஆண்டு. ஜூன் மாதக் கடைசியில் முன் எப்போதும் காணாத வெப்பம் அடித்தது. லிட்டன் என்ற சிற்றூர் ஜூன் 30ம் தேதி தீயில் எரிந்தது. கோடை முழுவதும் காட்டுத் தீ மலைச்சரிவுகளைக் கருக்கியது. மரமும் செடியும் எரிந்த சரிவில் மண்ணைப் பிடித்து வைக்க வேர் இருக்காது. கடும் தீ பட்ட மண் தண்ணீரை உறிஞ்சவும் செய்யாது. பெய்த மழை அப்படியே வழிந்து ஓடிவிடும்.

அந்த நிலையில்தான் நவம்பர் 13 முதல் 15 வரை பெருமழை பிடித்தது. பசிபிக் கடலின் வெப்பப் பகுதியிலிருந்து நீராவி ஒரு நீண்ட பட்டையாக வானில் திரண்டு வந்து மலைகளில் மோதி மழையாகக் கொட்டும். வானிலை அறிஞர்கள் இதை ‘வளிமண்டல ஆறு’ என்கிறார்கள். ஹோப் என்ற ஊரில் இரண்டு நாளில் சுமார் 250 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று.

மலையிலிருந்து தண்ணீரும் சேறும் சேர்ந்து இறங்கின. கோகிஹாலா நெடுஞ்சாலை சுமார் 20 இடங்களில் சேதமடைந்தது. பல இடங்களில் பாலமே இல்லாமல் போயிற்று. 99ம் எண் நெடுஞ்சாலையில் மண்சரிவில் சிக்கி ஐந்து பேர் உயிரிழந்தனர். மெரிட் என்ற நகரில் சுமார் 7,000 மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். இரண்டு பெரிய ரயில் பாதைகளும் துண்டிக்கப்பட்டன. வான்கூவர் பகுதிக்கும் கனடாவின் மற்றப் பகுதிகளுக்கும் இடையே தரை வழித் தொடர்பே அற்றுப்போனது.

சூமாஸ் சமவெளிக்கு வந்த வெள்ளமோ அயல்நாட்டு வெள்ளம். எல்லைக்குத் தெற்கே அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நூக்சாக் என்ற ஆறு ஓடுகிறது. அது கரை மீறினால் உபரி நீர் வடக்கே திரும்பி, எல்லை தாண்டி, இந்தப் பள்ளத்தில் வந்து விழும். நவம்பர் 16ம் தேதி சூமாஸ் கரை உடைந்தது. உடைப்பு ஏறத்தாழ 100 மீட்டர் அகலம். பழைய ஏரி இருந்த இடத்தில் மீண்டும் ஏரி நின்றது.

கயிறு கட்டி இழுத்த மாடுகள்

குடும்பங்களை உடனே வெளியேறும்படி அதிகாரிகள் ஆணையிட்டனர். பால் பண்ணையாளர்கள் பலருக்குக் கால் நகரவில்லை. கொட்டகையில் இடுப்பளவு குளிர்ந்த நீரில் மாடுகள் நின்றுகொண்டிருந்தன. கறவை மாட்டைக் கட்டிப் போட்டுவிட்டு ஊரைக் காலி செய்ய மனம் வருமா?

அக்கம் பக்கத்தார் படகுகளோடு வந்தனர். நீரில் விளையாடுவதற்கென்று வைத்திருந்த மோட்டார் வண்டிகளைக்கூடக் கொண்டுவந்தனர். மாட்டின் கழுத்தில் கயிறு கட்டி, தலை நீருக்கு மேலே நிற்கும்படி பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மேட்டுக்கு இழுத்தார்கள். அங்கிருந்து டிரெய்லரில் ஏற்றி வேறு பண்ணைகளுக்கு அனுப்பினார்கள். தெரியாத ஊரில், தெரியாத கொட்டகையில் இடம் கிடைத்தது. அபாட்ஸ்ஃபோர்டு மேயர் திரு. ஹென்றி பிரான், உயிரைப் பணயம் வைக்க வேண்டாம், வெளியேறுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர் சொன்னதும் நியாயம். பண்ணையாளர் தயங்கியதும் நியாயம்.

16ம் தேதி இரவு பம்ப் நிலையத்துக்கே ஆபத்து வந்தது. தண்ணீர் உள்ளே புகுந்தால் பம்புகள் நின்றுவிடும். பம்புகள் நின்றால் ஃபிரேசர் ஆறே சமவெளிக்குள் பாயும் என்ற அச்சம் எழுந்தது. அந்த இரவில் தொண்டர்களும் தீயணைப்புப் படையினரும் பண்ணையாளர்களும் சேர்ந்து மணல் மூட்டைகளை அடுக்கி நிலையத்தைச் சுற்றி அணை கட்டினார்கள். விடியும்போது பம்புகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு ஃபிரேசரின் மட்டம் தாழ்ந்ததும் மதகுகளைத் திறந்து நீரை வடித்தனர்.

காப்பாற்ற முடியாதவை ஏராளம். மாகாண அரசு பின்னர் வெளியிட்ட கணக்கின்படி 6,28,000 கோழிகளும், 12,000 பன்றிகளும், 420 கறவை மாடுகளும் மடிந்தன. 110 தேனீப் பெட்டிகள் மூழ்கின. சுமார் 1,100 பண்ணைகளும் 15,000 ஹெக்டேர் நிலமும் பாதிக்கப்பட்டன. அந்தப் பகுதியில் இருந்த கால்நடைகளும் கோழிகளும் மொத்தம் 25 லட்சம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பிழைத்த உயிர்களைப் பேணுவதே எவ்வளவு பெரிய வேலையாக இருந்திருக்கும் என்பது விளங்கும்.

14 நாள் ஆணை

நவம்பர் 17ம் தேதி மாகாண அரசு அவசர நிலை அறிவித்தது. நம் நாட்டில் 1975ல் வந்த நெருக்கடி நிலையை நினைத்து யாரும் குழம்ப வேண்டாம். இது பேரிடருக்கான அவசர நிலை. கனடாவின் ஒவ்வொரு மாகாணத்திலும் இதற்கென்று சட்டம் உண்டு.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் அப்போது நடப்பில் இருந்த சட்டம் இப்படிச் சொன்னது: மாகாண அவசர நிலை 14 நாள் செல்லும். தேவையானால் மாகாண அமைச்சரவை அதை நீட்டிக்கலாம். ஆனால் ஒரு முறைக்கு 14 நாளுக்கு மேல் கூடாது. நகரசபை போன்ற உள்ளூர் அமைப்புகள் தங்கள் எல்லைக்குள் தனியே அவசர நிலை அறிவிக்கலாம்; அது ஏழு நாள் மட்டுமே செல்லும். அபாட்ஸ்ஃபோர்டு நகரசபை மாகாண அரசுக்கு முன்பே, 15ம் தேதியே, அப்படி அறிவித்துவிட்டது. மாகாண அரசு இரண்டு நாள் தாமதித்தது என்ற குறையும் எழுந்தது.

அவசர நிலை இருக்கும் வரை அரசுக்குச் சில தனி அதிகாரங்கள் கிடைக்கும். சாலைப் போக்குவரத்தைத் தடுக்கலாம், கட்டுப்படுத்தலாம். மக்களை வெளியேறச் சொல்லலாம். கரை போடத் தனியார் நிலத்தில் இறங்கலாம். தேவையான இயந்திரத்தையும் பொருளையும் எடுத்துப் பயன்படுத்தலாம். எரிபொருளையும் உணவையும் பங்கிட்டு வழங்கலாம், விலை நிர்ணயிக்கலாம். சாதாரண நாளில் இவற்றுக்கு நோட்டீசும் விசாரணையும் ஒப்பந்தமும் வேண்டும். உடைப்பில் தண்ணீர் பாயும்போது அவற்றுக்கு நேரம் ஏது?

அந்த மக்களுக்கு அவசர நிலை நீட்டிப்பு புதிதல்ல. கொரோனா நோய்க்காக 2020 மார்ச்சில் அறிவித்த அவசர நிலை, பதினான்கு நாள் பதினான்கு நாளாக நீட்டிக்கப்பட்டு 2021 ஜூன் 30 வரை ஓடியது. அடுத்து ஜூலையில் காட்டுத் தீக்காக ஒன்று வந்தது. அது செப்டம்பரில் முடிந்தது. இரண்டே மாதத்தில் வெள்ளத்துக்காக இன்னொன்று.

முதல் தவணை முடிந்ததும்

முதல் 14 நாள் டிசம்பர் 1ம் தேதியோடு முடிய வேண்டும். அதற்குள் பாதி வேலைதான் ஆகியிருந்தது. சூமாஸ் கரை உடைப்பை அடைத்துவிட்டார்கள். ராணுவத்தினர் வந்து மணல் மூட்டை அடுக்கவும் கரையைப் பலப்படுத்தவும் உதவினர். நீர் மெல்ல வடிந்துகொண்டிருந்தது. ஆனால் நவம்பர் கடைசி வாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மேலும் சில மழைகள் வருவதாக வானிலை எச்சரிக்கை வந்தது. சொன்னபடியே வந்தன. நூக்சாக் ஆறு மறுபடியும் கரை மீறியது. அடைத்த கரை தாங்குமா என்று மக்கள் இரவெல்லாம் விழித்திருந்தனர்.

எனவே மாகாணப் பொதுப் பாதுகாப்பு அமைச்சர் திரு. மைக் ஃபார்ன்வொர்த், அவசர நிலை டிசம்பர் 14 வரை நீட்டிக்கப்படுவதாக அறிவித்தார். பிறகு டிசம்பர் 28 வரை என்று ஆயிற்று. அதன்பின் 2022 ஜனவரிக்கும் சென்றது.

இந்த நீட்டிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? அன்றைய எரிபொருள் கதையைப் பார்த்தால் தெரியும். வான்கூவர் பகுதிக்குப் பெட்ரோலும் கச்சா எண்ணெயும் அடுத்த மாகாணத்திலிருந்து குழாய் வழியாக வருகின்றன. வெள்ளத்தால் அந்தக் குழாய்ப் பாதையை மூன்று வாரம் நிறுத்தி வைத்தனர். டிசம்பர் 5ல்தான் மீண்டும் ஓடத் தொடங்கியது. இருப்புக் குறைந்த நிலையில், நவம்பர் 19ம் தேதி அரசு ஓர் ஆணை போட்டது. சாதாரண வண்டிக்கு ஒரு முறைக்கு 30 லிட்டர்தான். சரக்கு லாரி, ஆம்புலன்ஸ், பண்ணை வேலை வண்டி போன்ற அத்தியாவசிய வண்டிகளுக்கு அந்த வரம்பு இல்லை. சேதமடைந்த சில நெடுஞ்சாலைகளில் திறந்த ஒற்றை வழியையும் அத்தியாவசியப் போக்குவரத்துக்கே ஒதுக்கினர். சுற்றுலாவுக்கும் உறவினர் வீட்டுக்கும் போகிறவர்களைத் திருப்பி அனுப்பினர்.

இந்த ஆணைகள் அனைத்தும் அவசர நிலை என்ற ஒரே ஆணியில் மாட்டியவை. ஆணியைப் பிடுங்கினால் எல்லாம் கீழே விழும். முதல் தவணையோடு விட்டிருந்தால், தீவன லாரியும் உல்லாசப் பயணக் காரும் ஒரே பம்பில், ஒரே சாலையில் வரிசை நின்றிருக்கும். எரிபொருள் பங்கீட்டையும் டிசம்பர் 14 வரை நீட்டித்தது இதனால்தான்.

பாலும் தீவனமும்

பண்ணைக்காரருக்கு இது எப்படிப் பட்டது என்பதைப் பார்க்கலாம். கறவை மாடு வெள்ளத்துக்காகப் பால் சுரப்பதை நிறுத்தாது. வேளைக்குக் கறக்காவிட்டால் மடி வீங்கும், மடிநோய் வரும். ஆகவே கொட்டகை தப்பிய பண்ணைகளில் கறந்தார்கள். ஆனால் பால் எடுக்கும் லாரி வரவில்லை. பால் தொட்டி நிறைந்ததும், வேறு வழியின்றிக் கொட்டிவிடும்படி பால் வாரியமே சொல்ல நேர்ந்தது. கடைகளில் பால் இல்லை. பண்ணைகளில் பால் மண்ணில் ஓடியது. இரண்டுக்கும் நடுவே அறுந்து கிடந்தது சாலை ஒன்றுதான்.

தீவனமும் அப்படியே. அந்தப் பள்ளத்தாக்கில் கோழிக்கும் பன்றிக்கும் மாட்டுக்கும் தேவையான தானியத்தின் பெரும் பங்கு மலைக்கு அப்பால் உள்ள சமவெளி மாகாணங்களிலிருந்து ரயிலில் வருகிறது. ரயில் நின்றது. பண்ணையில் வைத்திருந்த ஊறுகாய்ப் புல்லும் வைக்கோல் கட்டுகளும் நனைந்து பூஞ்சணம் பிடித்தன. வெள்ள நீரில் சாணம், டீசல், பூச்சிமருந்து எல்லாம் கலந்திருந்ததால் நனைந்த தீவனத்தை மாட்டுக்கு வைக்க முடியாது. குழாய்த் தண்ணீரையும் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்திருந்தனர். பால் மாடு ஒன்று நாளைக்கு நூறு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் குடிக்கும். லாரியில் கொண்டுவந்து ஊற்ற வேண்டியிருந்தது.

இறந்த கோழிகளையும் பன்றிகளையும் அகற்றுவது இன்னொரு பெரும் வேலை. தாமதித்தால் நோய் பரவும். இதற்கும் லாரி, இதற்கும் சாலை, இதற்கும் அனுமதி.

கோகிஹாலா நெடுஞ்சாலையை டிசம்பர் 20ம் தேதி சரக்கு வண்டிகளுக்குத் திறந்தனர். 35 நாளில் இது முடிந்தது பொறியியல் சாதனை என்று பலரும் பாராட்டினர். சாதாரண வாகனங்கள் இன்னும் காத்திருக்க வேண்டியதாயிற்று. திறந்த முதல் நாளிலிருந்து லாரிக்கே முதலிடம் கொடுத்தது தீவனத்துக்கும் உணவுப் பொருளுக்கும் பேருதவி.

இதற்கிடையே மக்களின் உதவியையும் மறக்கக்கூடாது. சாலை அறுந்து ஹோப் ஊரில் சிக்கியவர்களுக்கு, சர்ரே நகரச் சீக்கியக் குருத்வாராவினர் இரவெல்லாம் சமைத்து ஹெலிகாப்டரில் உணவு அனுப்பினார்கள்.

நீட்டிப்பின் மறுபக்கம்

அவசர நிலையை நீட்டிப்பது பண்ணையாளருக்கு முழு நன்மை என்றும் சொல்வதற்கில்லை. வெளியேற்ற ஆணை உள்ள இடத்தில் சொந்த வீட்டுக்குப் போகவும் அனுமதி வேண்டும். மாட்டைக் கறக்க, தீவனம் வைக்க, கொட்டகையைப் பார்க்கப் போகிறவர் காவல் சாவடியில் நிற்க வேண்டும். ஆபத்து என்று தடுக்கும் அதிகாரிக்கும், மாடு பட்டினி என்று கேட்கும் பண்ணைக்காரருக்கும் இடையே மனக்கசப்பு வருவது இயல்பே.

அதனால்தான் சட்டம் நாள் வரம்பு வைத்தது. அரசு ஆறு மாதத்துக்கு ஒரே மூச்சில் அதிகாரம் எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு 14 நாளுக்கும் ஒரு முறை, இன்னும் ஏன் தேவை என்று மக்கள் முன் காரணம் சொல்ல வேண்டும். காரணம் இருந்தால் நீட்டிப்பு. இல்லாவிட்டால் தானாகக் காலாவதி. பிடியும் வேண்டும், பிடிக்கு அளவும் வேண்டும் என்பதே இதன் கருத்து.

2023 நவம்பரில் மாகாணம் இந்தச் சட்டத்தை மாற்றிப் புதுச் சட்டம் கொண்டுவந்தது. மாகாண அவசர நிலையின் தவணை 14லிருந்து 28 நாளாகவும், உள்ளூர் அவசர நிலையின் தவணை ஏழிலிருந்து 14 நாளாகவும் கூடின. பெரும் வெள்ளத்தில் வாரத்துக்கு ஒரு முறை காகித வேலை பார்ப்பதில் நேரம் வீணாகிறது என்பதை அனுபவம் காட்டியிருந்தது. வரம்பை எடுத்துவிடவில்லை, நீளத்தை மட்டும் கூட்டினார்கள்.

பணம் வேறு கணக்கு

விவசாயிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவசர நிலை நீடிப்பதால் யார் கைக்கும் ஒரு காசும் வருவதில்லை. அது சாலையைத் திறக்கும், எரிபொருளை ஒதுக்கும், கரையை அடைக்கும். இழப்பீடு வேறு சட்டத்தில், வேறு அலுவலகத்தில், வேறு கெடுவில் நடக்கும் காரியம்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் பேரிடர் நிதியுதவித் திட்டம் ஒன்று உண்டு. அப்போதைய விதிப்படி, ஏற்கத்தக்க சேதத்தில் முதல் 1,000 டாலரைக் கழித்து, மீதியில் நூற்றுக்கு 80 பங்கு, அதிகபட்சம் 3,00,000 டாலர் வரை கிடைக்கும். ஆனால் இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கக்கூடிய சேதத்துக்கு அதில் இடமில்லை. பண்ணை என்றால், அதுவே முதன்மை வருமானமாக இருக்க வேண்டும். வேறு வேலை பார்த்துக்கொண்டு சிறு பண்ணை நடத்துபவர் இந்த விதியில் அடிபடுவார். பல லட்சம் டாலர் முதல் போட்ட பெரிய பண்ணைக்கோ அந்த உச்சவரம்பு யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஆகவே 2022 பிப்ரவரியில் கனடா மைய அரசும் மாகாண அரசும் சேர்ந்து, பண்ணைகளுக்கென்று 22 கோடியே 80 லட்சம் டாலர் வரையிலான மீட்புத் திட்டம் ஒன்றை அறிவித்தன. நிலத்தைச் சுத்தம் செய்ய, கட்டடத்தைப் பழுது பார்க்க, மாற்றுத் தீவனம் வாங்க, பட்டுப்போன பல்லாண்டுச் செடிகளுக்கு ஈடுசெய்ய அதில் வழி இருந்தது. வெள்ளம் வந்தது நவம்பர் நடுவில். திட்டம் வந்தது பிப்ரவரியில். இடைப்பட்ட மூன்று மாதத்தைக் கடனிலும் கைமாற்றிலும் ஓட்ட வேண்டியிருந்தது.

புளூபெர்ரித் தோட்டக்காரர்களின் துன்பம் இன்னும் நீளம். மாடு செத்தால் அன்றே தெரியும். செடி செத்தது வசந்தத்தில்தான் தெரியும். அந்தச் செடியின் வேர் ஆழம் போகாதது. நாள்கணக்கில் நீர் தேங்கினால் காற்றின்றி மூச்சு முட்டி வேரழுகல் வரும். நவம்பரில் செடி குளிர்கால உறக்கத்துக்குப் போகும் வேளை என்பதால் சில தோட்டங்கள் தப்பின. தப்பாதவற்றைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று நட்டால், முழு மகசூல் காண ஏழெட்டு ஆண்டு ஆகும். எந்த அவசர நிலையும் அவ்வளவு காலம் நீடிப்பதில்லை.

ஆபத்தும் அங்கேயேதான் இருக்கிறது. ஏரி இருந்த பள்ளம் பள்ளமாகவே உள்ளது. நூக்சாக் ஆறு எல்லைக்கு அப்பால் ஓடிக்கொண்டே உள்ளது. 2025 டிசம்பரில் அந்த ஆற்று வெள்ளம் மீண்டும் எல்லை தாண்டிச் சூமாஸ் சமவெளிக்குள் வந்தது. அபாட்ஸ்ஃபோர்டு மீண்டும் உள்ளூர் அவசர நிலை அறிவித்தது.

மூன்று தேதிகள்

இந்த அனுபவத்திலிருந்து தெரிய வருவது, வெள்ளத்துக்குப் பின் விவசாயி மூன்று தேதிகளைத் தனித்தனியே கவனிக்க வேண்டும் என்பது.

முதல் தேதி, அவசர ஆணை முடியும் நாள். அது நீடிக்கும் வரைதான் அரசு இயந்திரம், இலவசப் பம்ப், சாலையில் முன்னுரிமை போன்றவை கிடைக்கும். கரை இன்னும் பலப்படவில்லை, தண்ணீர் இன்னும் வடியவில்லை என்றால், ஆணை முடிவதற்கு முன்பே ஊராகச் சேர்ந்து எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நீட்டிப்புக்குக் காரணம் தேவை. அந்தக் காரணம் வயலில்தான் இருக்கிறது.

இரண்டாவது தேதி, நிவாரண மனுவின் கெடு. அவசர நிலை நீண்டால் மனுவின் கெடுவும் நீளும் என்று எண்ணிச் சும்மா இருந்துவிடக் கூடாது. இரண்டும் வேறு. மனு கொடுக்க ஆதாரம் வேண்டும். செத்த கால்நடையைப் புதைக்கும் முன், நனைந்த தீவனத்தைக் கொட்டும் முன், சேற்றை அள்ளும் முன் எண்ணிக்கை எழுதிக்கொள்ள வேண்டும், படம் எடுத்து வைக்க வேண்டும். சுவரில் நீர் ஏறிய அளவைக் கோடு போட்டுக் குறிப்பது நல்லது. பம்ப் வாடகை, டீசல், கூலி, மருந்து எல்லாவற்றுக்கும் ரசீது வாங்க வேண்டும்.

மூன்றாவது தேதி, நிலம் தேறும் நாள். அதை எந்த அரசும் அறிவிப்பதில்லை. நீர் வடிந்ததும் ஈரத்தில் கலப்பையோ டிராக்டரோ இறக்கினால் மண் இறுகும். கால் புதையாத பதம் வரும் வரை பொறுக்க வேண்டும். பூஞ்சணம் பட்ட தீவனத்தை, பணம் போட்டதாயிற்றே என்று மாட்டுக்கு வைக்கக் கூடாது. கிணற்று நீரைச் சோதித்த பிறகே புழங்க வேண்டும்.

இவற்றோடு, வெள்ளம் வருமுன் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. தண்ணீர் வந்தால் மாடுகளை எந்த மேட்டுக்கு, யாருடைய கொட்டகைக்கு ஓட்டுவது என்பதை நல்ல நாளிலேயே பேசி முடித்து வைக்க வேண்டும். சூமாஸ் சமவெளியில் அந்த இரவு மாடுகளுக்கு இடம் கிடைத்தது, மேட்டில் இருந்த பண்ணைக்காரர்கள் கதவைத் திறந்து வைத்ததால்தான். எந்த ஆணையும் பிறப்பதற்கு முன்பே அந்தக் கதவுகள் திறந்துவிட்டன.